முதல் தட்டு இல்லாத அறுபத்து நான்கு

செய்தி வந்தபோது எங்கள் பட்டறை உலையில் பன்னிரண்டு இரும்புத் துண்டுகள் சிவந்துகொண்டிருந்தன. காலை பத்து மணி இருக்கும். தேவதானப்பட்டியிலிருந்து ஞானமுத்து அண்ணனின் மகள் எஸ்தர் போனில் பேசினாள். பக்கத்தில் ஹேமர் இயந்திரம் அடித்துக்கொண்டிருந்ததால் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே லாரி நிற்கும் இடத்துக்கு வந்து மறுபடி கேட்டேன். "அத்தை, அப்பா போயிட்டாக" என்றாள். காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லையாம்.

உள்ளே போய்ச் சொன்னேன். ஆட்கள் ஹேமரை நிறுத்தப் போனார்கள். "உலையில கெடக்குறத முடிச்சுட்டு நிறுத்துங்க" என்றேன். கல்நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும். சிவந்த இரும்பை அடிக்காமல் ஆறவிட்டு, இன்னொரு தரம் சூடேற்றினால் மேல்தோல் செதில் செதிலாக உதிர்ந்துபோகும். தன் சாவுக்காக நான் இரும்பைக் கெடுத்தேன் என்று தெரிந்தால் மனிதர் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்து திட்டுவார். பன்னிரண்டையும் அடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

தேவதானப்பட்டியில் அவர் வீட்டுத் தெரு அடைத்துக் கிடந்தது. நம் சிறுதொழில் சங்கத்து ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப் ஓட்டுநர்கள் வந்திருந்தார்கள். அதில் போடி ஸ்டாண்டு மாயன், பந்தல் கம்பத்தில் சாய்ந்து நின்று பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "தங்கமான மனுஷன்யா. ஆயுசுக்கும் ஒரே ஒரு சறுக்கல்தான். மக பிரசவத்துக்கு ஓடுற அவசரத்துல ஆளுகளுக்குச் சொல்லாமப் போயிட்டாக. அந்த ஸ்டீரிங் ஆர்ம் விஷயம். மத்தபடி குறை சொல்ல முடியாது."

மாயன் அன்பாகத்தான் சொன்னார். நான் அவருக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மாலையை வைத்தேன், எஸ்தரைக் கட்டிக்கொண்டு அழுதேன், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். அந்தச் சறுக்கல் அவருடையது அல்ல. அவர் பெயரில் அது இன்னும் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. அதற்காகத்தான் நம் சங்க இதழில் இதை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அல்லிநகரம் தாண்டி இருக்கும் எங்கள் ஃபோர்ஜிங் பட்டறையில் அவர் இருபத்தோரு வருடம் மேஸ்திரி. அதற்கு முன் வடக்கே ஒரு பெரிய தொழிற்சாலையில் ஹேமர் அடித்தவர். தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, விற்கிற இரும்பை நாமே அடித்தால் என்ன என்று வீராப்பாகப் பட்டறை போட்டவள். எனக்குப் படிப்பு இருந்தது, அவருக்குக் கை இருந்தது. இரண்டு பேருக்கும் வாயும் இருந்தது. வருகிறவர்கள் முன்னால் என்னை 'மேடம்' என்பார். கோபம் வந்தால் மட்டும் 'ஆத்தா' என்பார். அந்த 'ஆத்தா' வந்துவிட்டால் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்று அர்த்தம்.

பட்டறையில் இரண்டு இயந்திரங்கள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று ஓப்பன் டை ஹேமர். மேலே ஒரு தட்டை முகம், கீழே ஒரு தட்டை முகம், நடுவில் சிவந்த இரும்பு. பக்கவாட்டில் இரும்பைத் தடுக்க ஒன்றுமில்லை. அடிக்க அடிக்க அது விலாவில் பிதுங்கும். குறடால் புரட்டிப் புரட்டி, நீட்டி, வளைத்து, வடிவத்தைக் கொண்டுவருவது அடிப்பவனின் கை. இன்னொன்று குளோஸ்டு டை. வேண்டிய வடிவத்தை இரண்டு எஃகுக் கட்டிகளில் குடைந்து வைத்திருப்போம்; அந்த அச்சுக் கட்டிகள்தான் டை. நடுவில் இரும்பை வைத்து அறைந்தால் பள்ளம் முழுக்க நிரம்பி, மிஞ்சியது ஓரத்தில் மெல்லிய தகடாகப் பிதுங்கி நிற்கும். அதை பிளாஷ் என்போம், வெட்டி எடுத்துவிடுவோம். கொழுக்கட்டையைக் கையால் பிடிப்பதற்கும் அச்சில் வைத்து அமுக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

நான் குளோஸ்டு டை கட்சி. ஆயிரம் துண்டு அடித்தாலும் ஆயிரமும் ஒரே அச்சாக வரும், கடைசல் வேலை குறைவு, கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம் என்று பேசுவேன். "கண்ணை மூடிக்கிட்டா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். "மேடம், ஓப்பன்ல ஒவ்வொரு தட்டுக்கும் இரும்பு மூஞ்சியப் பாக்குறோம். குளோஸ்ல கதவச் சாத்திட்டு அடிக்கிறோம். உள்ள என்ன நடந்துச்சுன்னு கதவு தெறந்த பெறகுதான் தெரியும். சில சமயம் தெறந்த பெறகும் தெரியாது." அதற்காக அவர் குளோஸ்டு டைக்கு விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டார். அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சார், ஒத்தைக்கு ஓப்பன், ஊருக்கு குளோஸ்" என்றார். அதிகாரி அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார். நான் அரை மணி நேரம் விளக்கியதில் ஒரு வரிகூட அவர் எழுதவில்லை.

அந்த 'ஒத்தைக்கு ஓப்பன்' என்ன என்பதைக் கம்பம் பக்கத்து நார் மில் ஒன்று எனக்குக் காட்டியது. மில்லின் ஷாஃப்ட் உடைந்து, உரிமையாளர் இரண்டு துண்டுகளையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் காகிதத்தை எடுத்து டை வரைய ஆரம்பித்தேன். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "டை குடைஞ்சு முடிக்க ஒன்றரை மாசம் ஆகும். அதுவரைக்கும் அவுக நார உரிச்சு வாயிலயா திரிப்பாக?" என்றார். உருளைக் கட்டி ஒன்றைச் சூடேற்றி, தட்டை முகத்தில் வைத்துத் திருப்பித் திருப்பி அடித்து, மூன்று இடத்தில் மூன்று தடிமனாக இழுத்தார். அளவு பார்க்கக் கையில் ஒரு காலிப்பர், அவ்வளவுதான். எல்லாப் பக்கமும் நாலு மில்லி மிச்சம் வைத்து அடித்தார். லேத்தில் கடைந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷாஃப்ட் ஆட்டோவில் ஏறியது. அது இன்றைக்கும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. புது அயிட்டம் எது அடித்தாலும் முதல் துண்டை வாடிக்கையாளருக்குக் கொடுக்க மாட்டார். நெடுக்கில் அறுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, அமிலத்தில் முக்குவார். இரும்புக்குள் ஓடும் இழைகள் கோடு கோடாகத் தெரியும். வளைவு வரும் இடத்தில் இழையும் வளைந்து ஓட வேண்டும். அறுந்தோ மடிந்தோ இருந்தால் அந்தத் துண்டு எடைக்கல்லுக்குக்கூட ஆகாது என்பார். "வாழ நார ஓட்டத்தோட இழுத்துப் பாரு, அறுக்கவே முடியாது. குறுக்க மடிச்சு இழு, பட்டுனு போயிரும். இரும்பும் அதேதான் மேடம்." ஒரு காலேஜிலிருந்து மாணவர்கள் வந்தபோது அந்த அறுத்த துண்டுகளை வரிசையாக வைத்துக் காட்டினார். நான் நாலு வருடம் படித்ததை நாலு நிமிடத்தில் சொல்லி முடித்தார். பொறாமையாக இருந்தது. இருந்தது என்றால் இருந்ததுதான்.

இனி அந்த ஸ்டீரிங் ஆர்ம் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் விடியலில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்புகள் உங்களுக்குத் தெரியும். ஓட்டுநர் திருப்பும் ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கை ஒன்று அடியில் இருக்கிறது. ஒரு சாண் நீளம், நடுவில் ஒரு வளைவு, இரண்டு நுனியிலும் துளை. அது உடைந்தால் ஸ்டீரிங் சும்மா சுற்றும்; வண்டி தன் போக்கில் போகும். போடிமெட்டுச் சாலையில் தன் போக்கில் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆர்மை நாங்கள் இரண்டு முறையாலும் அடித்தோம். முதலில் ஓப்பன் ஹேமரில் கம்பியை நீட்டி, வளைவு கொடுத்து, ஆர்மின் சாயலுக்குக் கொண்டுவருவோம். அதற்கு எங்கள் பட்டறையில் முதல் தட்டு என்று பெயர். பிறகுதான் குளோஸ்டு டைக்குள் வைப்போம். நேரான கம்பியை அப்படியே டைக்குள் போட்டு அறைந்தாலும் வெளியே வடிவம் அச்சு அசலாக வந்துவிடும். ஆனால் வளைவின் உட்பக்கத்தில் இரும்பு ஓட இடமில்லாமல் தன் மேலேயே மடிந்து ஒட்டிக்கொள்ளும். மேலே செதில் மூடிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஏலக்காய் எடுப்பு தொடங்க ஒரு வாரம் இருந்தபோது போடியிலும் கம்பத்திலும் உள்ள இரண்டு உதிரிபாகக் கடைகள் அவசரமாக ஆர்ம் கேட்டன. அதே நேரம் எஸ்தருக்குப் பிரசவ வலி என்று மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அண்ணன் கிளம்பினார். கிளம்பும்போது ஹேமர் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார். சொன்னது போதாதென்று உலைக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதியும் வைத்தார்: 'முதல் தட்டு இல்லாமல் ஆர்ம் டைக்குள் போகக் கூடாது.' சொல்லாமல் போனார் என்கிறீர்களே, மாயன், அவர் சொல்லிவிட்டும் போனார், எழுதிவிட்டும் போனார்.

அடுத்த நாள் ஓப்பன் ஹேமர் பழுதானது. ஆள் வந்து சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கடைக்காரர்கள் போன் மேல் போன். நான் அந்தச் சுவர் எழுத்துக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். "நேரா டைல போடுங்க, டைதான் வடிவம் குடுக்குதுல்ல" என்றேன். ஹேமர் அடிக்கும் பாண்டி, "அண்ணே வேணாம்னு சொல்லிருக்காகளே மேடம்" என்று தயங்கினார். "இங்கன மொதலாளி நானா, அவரா?" என்று கேட்டேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. பாண்டி உலைப் பக்கம் திரும்பிக் கம்பியை எடுத்தார். நாலு நாளில் அறுபத்து நான்கு ஆர்ம் அடித்தோம். ஒவ்வொன்றும் பார்க்கத் தங்கம்போல இருந்தது. ஒன்றை மட்டும் மாதிரிக்கு வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிட்டேன். முதல் துண்டை அறுத்துப் பார்க்கவில்லை. பழைய அயிட்டம்தானே என்று நினைத்தேன்.

பேரன் பிறந்த சந்தோஷத்தில் அல்வாப் பொட்டலத்தோடு அண்ணன் திரும்பி வந்தார். எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே போனவர், வெட்டிப் போட்ட பிளாஷ் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். குனிந்து ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். முதல் தட்டு ஒழுங்காக இருந்தால் பிளாஷ் சுற்றிலும் ஒரே கனமாக வரும். இது ஒரு பக்கம் அப்பளம், மறுபக்கம் அடை. ஆர்மையே பார்க்காமல், குப்பையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "முதல் தட்டு யாருலே தட்டுனது?" என்று கத்தினார். ஆட்களின் கண் என் பக்கம் போனது. என்னைப் பார்த்தார். "ஆத்தா, எத்தன வெளிய போச்சு?" என்றார்.

மாதிரிக்கு வைத்திருந்த ஆர்மை எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைத் தூவி, சுத்தியலால் லேசாகத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் வளைவின் உட்பக்கத்தில், வெள்ளைத் தூளில், நகத்தால் கீறியதுபோல ஓர் ஈரக்கோடு எழுந்து வந்தது. மடிப்புக்குள் புகுந்த எண்ணெய் வெளியே கசிகிறது. அறுத்து அமிலத்தில் முக்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு ஜீப்புக்குப் பதினாலு பெண்கள் என்று என் மூளை அதுபாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது.

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "அழுகுறதப் பெறகு அழுவோம். மொதல்ல கழட்டுவோம்" என்றார். கடைகளுக்குப் போன் செய்தோம். இருபத்திரண்டு துண்டு இன்னும் விற்காமல் இருந்தது. நாற்பத்தொன்று வண்டிகளில் ஏறிவிட்டிருந்தது.

மறுநாள் விடியலில் போடி ஜீப் ஸ்டாண்டில் போய் நின்றோம். பெண்கள் தூக்குவாளியோடு வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான்தான் பேசுவதாக இருந்தது. வண்டியில் வரும்போதே வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். நாற்பது ஓட்டுநர்கள் சுற்றி நின்றதும் நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். அண்ணன் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு முன்னால் வந்து, ஹேமர் சத்தத்தில் பாதிச் செவிடான மனிதர்களுக்கே உரிய பெருங்குரலில் சொன்னார். "அய்யா, நான் பட்டறை மேஸ்திரி. தப்பு என்னோடது. மக பிரசவம்னு ஓடிட்டேன், ஆளுகளுக்கு ஒழுங்காச் சொல்லாமப் போயிட்டேன். இந்த நம்பர் குத்துன ஆர்ம் எந்த வண்டியில இருந்தாலும் அந்த வண்டி மலையேறக் கூடாது. இங்கனயே கழட்டணும்."

கூட்டம் கொந்தளித்தது. எடுப்புக் காலத்தில் வண்டி நின்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? மாயன் அப்போது இளந்தாரி. அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "பதினாலு உசுர ஏத்திட்டுப் போறேன்யா! எங்க ஆத்தாவும் இதுலதான்யா வருது! அவசரத்துல சொல்லாமப் போயிட்டியா?" என்று உலுக்கினார். இரண்டு பட்டன் தெறித்து விழுந்தது. அண்ணன் கையைத் தட்டிவிடவில்லை. "நீ அடிச்சாலும் வாங்கிக்கிறேன் தம்பி. மொதல்ல வண்டிக்கு அடியில படுக்க விடு" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். 'அவர் இல்லை, நான்' என்று சொல்ல மூன்று வார்த்தைதான் வேண்டும். சொல்லவில்லை.

மாயனின் வண்டி ஆர்மைத்தான் அவர் முதலில் கழற்றினார்.

ஐந்து நாள் அப்படி அலைந்தோம். பட்டறையில் பாண்டி ஹேமரைச் சரிசெய்ய வைத்து, முதல் தட்டோடு புது ஆர்ம் அடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அண்ணன் வண்டி வண்டியாக அடியில் படுத்து மாட்டினார். உண்மை தெரிந்தவர்கள் பட்டறையில் நாலு பேர். அவர்களைக் கூப்பிட்டு, "ஒரு பய வெளிய பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நாற்பது ஆர்ம் திரும்பி வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. அந்த வண்டி மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் ஒருவருக்கு விற்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தது.

இருவரும் விடியற்காலை முதல் பஸ் பிடித்துப் போனோம். பூப்பாறைக்கு முன்னால் ஒரு டீக்கடையில் காத்திருந்தோம். எட்டு மணிக்கு அந்த ஜீப் வந்தது, உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றார். ஓட்டுநர் பேபிச்சன் தலையை வெளியே நீட்டி, "எந்தா சேட்டா, சாகான் வந்நதாணோ?" என்று, சாக வந்தீரா என்ற அர்த்தத்தில் கத்தினார். அண்ணன் தனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் ஏதேதோ சொல்லி, நம்பரைக் காட்டி, புது ஆர்மைக் காட்டி, எப்படியோ சம்மதிக்க வைத்தார். பெண்கள் இறங்கிச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்தார்கள். "என்னய்யா இது, லேட்டாப் போனா கங்காணி திருப்பி அனுப்பிருவாக" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். "ஒண்ணுமில்ல ஆத்தா, எங்க ஊர்ச் சாமான் ஒண்ணு இங்கன தங்கிருச்சு, எடுத்துட்டுப் போயிர்றேன்" என்றார் அண்ணன்.

கழற்றிய ஆர்மை அவர் அங்கேயே, அந்தச் சுவரின் மேல் வைத்துத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, மறுபடி துடைத்து, தூளைத் தூவினார். கோடு உடனே வந்தது. முன்பு பார்த்ததெல்லாம் நகக்கீறல். இது வளைவைத் தாண்டி மேல்முகம் வரைக்கும் ஓடியிருந்தது. இழை மடிந்திருந்த இடம் விரிசலாகவே திறந்துகொண்டிருந்தது. பேபிச்சன் பார்த்தார், வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். சண்டைக்கு வந்த அம்மா எழுந்து வந்து பார்த்தார். "நேத்துப் பூரா இதுலதான எங்கள ஏத்தி எறக்குனாரு" என்றார். பிறகு அண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, புது ஆர்மை மாட்ட வண்டிக்கு அடியில் படுத்தார்.

இறங்கும் பஸ்ஸில் நான் அவர் காதருகே மெதுவாக, "அண்ணே, நாளைக்கு ஸ்டாண்டுல போயி நான் உண்மையச் சொல்லிர்றேன்" என்றேன். "என்னாது?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் "என்னாது?" என்றார். மூன்றாவது தரம் நான் கத்தியதில் முன் சீட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவராலும் மெதுவாகப் பேச முடியாதே, அந்தப் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரிதான் பதில் சொன்னார். "இப்ப நீ சொன்னா, மொதலாளியம்மாவுக்கே வேல தெரியலன்னு கம்பம் வரைக்கும் பேசுவாக. பெறகு நம்மகிட்ட எவன் ஒரு போல்ட்டு வாங்குவான்? அங்கன இருவது குடும்பம் கஞ்சி குடிக்குது. மேஸ்திரி தப்புன்னா ஒரு வாட்டி பொறுத்துக்கிருவாக. எனக்கு என்ன, தோலு தடிச்சிருச்சு."

"அப்ப எப்பத்தான் சொல்றது?" என்று கேட்டேன்.

"ஒனக்குத் தோணுறப்ப சொல்லு ஆத்தா. நான் தடுக்க மாட்டேன்" என்றார்.

பன்னிரண்டு வருடமாக எனக்குத் தோணவில்லை. இப்படி எழுதும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது! பட்டறை நன்றாக நடந்தது. ஓட்டுநர்கள் எங்களிடமே ஆர்ம் வாங்கினார்கள். 'தப்ப ஒத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்த மனுஷன் இருக்குற பட்டறை' என்று நம்பி வாங்கினார்கள். அந்த நம்பிக்கையை அவர் சம்பாதித்தார், நான் அனுபவித்தேன். அவர் ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்தில் மேடையில் மைக் என் கையில் இருந்தது. அவருடைய உழைப்பு, நேர்மை என்றெல்லாம் பத்து நிமிடம் பேசினேன். இதைப் பேசவில்லை. அவர் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எதையும் எதிர்பார்த்து வந்தவராகத் தெரியவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் எஸ்தரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. நேற்று தேவதானப்பட்டிக்குப் போனேன். கோபப்படுவாள், அப்பாவை இப்படி விட்டுக்கொடுத்தீர்களே என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். முழுவதையும் கேட்டாள்.

"அப்பா வீட்டுலயும் அப்படித்தான் அத்தை சொன்னாக" என்றாள் பிறகு. "தன் தப்புன்னுதான் எங்ககிட்டயும் சொன்னாக. எம் பிரசவத்துக்குப் பதறி ஓடியாந்ததுனாலதான் அப்பா பேரு கெட்டுச்சுன்னு நான் இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். மகன் பொறந்த நாளு வந்தா அந்த நெனப்பும் கூடவே வரும். அவனுக்குச் சந்தோசமா ஒரு கேக்கு வெட்ட என்னால முடிஞ்சதில்ல."

பள்ளிக்கூடப் பையோடு அந்தப் பிள்ளை அப்போதுதான் வாசலில் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். தாத்தாவின் நெற்றி அப்படியே இருக்கிறது அவனுக்கு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பட்டறையை மட்டும் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்திருந்தேன். இந்த வீட்டில் ஒரு பிள்ளையின் பிறந்த நாளையும் பன்னிரண்டு வருடம் எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞானமுத்து அண்ணனிடமிருந்து கற்றதும் பெற்றதும் ஏராளம். அதையெல்லாம் நீங்கள் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: அவர் பெயரில் இருந்த அந்தப் பழி. முதல் தட்டு வேண்டாம் என்று சொன்னது நான். சுவரில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சொன்னேன். போடி ஸ்டாண்டிலோ கம்பத்திலோ அந்த அறுபத்து நான்கு ஆர்ம் பற்றி இனி யார் பேசினாலும் என் பெயரைச் சொல்லுங்கள்.